பன்னிரண்டுக்குப் பிறகு நூறு

சோயா பாஸ். சோயாவின் வாப்பா ஃபெயில்.

இந்தத் தகவல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாட்சாவின் கைப்பேசிக்கு வந்தது. அப்போது அவன் பம்மல் மெயின் ரோட்டில் தன் கடையில் உட்கார்ந்து ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்துக்கொண்டிருந்தான். மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தான். ‘தங்கள் மகள் மூன்று வயது ஒன்பது மாதத்துக்கு உரிய எல்லாத் திறன்களையும் அடைந்துவிட்டார். தாங்கள் அடையவில்லை. நேரில் வரவும்.’

அனுப்பியது ‘தளிர்நடை இன்டர்நேஷனல் ஆரம்ப எழுத்தறிவு மற்றும் குடும்ப விளையாட்டுக் கழகம்’. பம்மலிலிருந்து திருநீர்மலைக்குப் போகும் சாலையில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. நாவலூரில் இன்னொரு கிளை இருந்ததால் இன்டர்நேஷனல். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெற்றோரோடு சனிக்கிழமைதோறும் அங்கே வந்து விளையாடவும் எழுத்தோடு பழகவும் கற்றுக்கொள்ள வேண்டும். விளையாடுவதற்கு எதற்கு ஒரு வகுப்பு என்று பாட்சாவும் ஆரம்பத்தில் கேட்கத்தான் செய்தான். அவன் மனைவி இரம் அதற்கு ஒரே ஒரு பதில் வைத்திருந்தாள்.

“ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்தப் பெரிய ஸ்கூல்ல எல்.கே.ஜி.க்கு ‘குடும்ப விளையாட்டுத் தகுதிச் சான்றிதழ்’ கேக்கறாங்க. அது இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம். நீங்க அந்த செக்யூரிட்டிகிட்ட போய் எதுக்குன்னு கேளுங்க.”

பாட்சா கேட்கவில்லை. சேர்ந்துவிட்டான்.

தளிர்நடையில் சட்டதிட்டங்கள் அதிகம். குழந்தை விளையாடும்போது பெற்றோர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கை முன்னால் வந்தால் அது குறுக்கீடு. ஒரு குறுக்கீட்டுக்கு அடையாள அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். மண்ணை மண் என்று சொல்லக் கூடாது, ‘தொடு அனுபவம்’ என்று சொல்ல வேண்டும். குழந்தை அழுதால் அழுகிறது என்று சொல்லக் கூடாது, ‘பகிர்கிறது’ என்று சொல்ல வேண்டும். விழுந்தால், ‘தரையோடு உரையாடுகிறது’. முதல் வாரத்தில் ஒரு பையன் தரையோடு பலமாக உரையாடி, நெற்றியில் ரத்தம் வர, நெடுநேரம் பகிர்ந்துகொண்டிருந்தான். சுற்றிலும் பதினெட்டுப் பெற்றோர் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்கள்.

புத்தக அறை ஒன்றும் உண்டு. மூன்று சுவர்களிலும் தரைமுதல் கூரைவரை படப் புத்தகங்கள், முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பூட்டு. முதல் பருவத்தில் குழந்தைகள் புத்தகங்களைப் பார்க்கலாம். இரண்டாம் பருவத்தில் மோந்து பார்க்கலாம். மூன்றாம் பருவத்தில் தொடலாம். திறப்பது நான்காம் பருவம். கழகத்துக்கு அதுவரை மூன்று பருவம்தான் ஆகியிருந்தது.

பாட்சா ஃபெயிலான காரணத்தை ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலி விளக்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எல்லோரிடமும் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவாள், குழந்தைகளிடம் தவிர.

“நாலாம் நம்பர் ஃபார்ம் காலியா இருக்கு சார். ‘பெற்றோரின் சிறுவயது விளையாட்டு நினைவுகள், குறைந்தபட்சம் மூன்று.’ உங்க மிஸஸ் அஞ்சு எழுதியிருக்காங்க.”

“எழுத ஒண்ணும் இல்ல மேடம்.”

“எல்லாருக்கும் இருக்கும் சார். யோசிச்சுப் பாருங்க.”

“சின்ன வயசுலயே வேலைக்குப் போயிட்டேன்.”

“எத்தனை வயசுல?”

“எட்டு.”

ஜெயசீலி கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தாள். “அப்ப ஏழு வயசு வரைக்கும் ஃப்ரீயாத்தானே சார் இருந்திருப்பீங்க? அதுல மூணு போதும்.”

பாட்சா எழுந்திருக்கப் பார்த்தான்.

“விளையாட்டு நினைவு இல்லாத அப்பா வீட்டுல இருக்கறது குழந்தைக்கு நல்லது இல்ல சார். நான் சொல்லல. ஆய்வு சொல்லுது.”

“யாரோட ஆய்வு மேடம்?”

“எங்களோடதுதான்.”

படியிறங்கும்போது சம்பந்தம் அவன் தோளில் கை போட்டான். அந்தக் கட்டடமே சம்பந்தத்துடையதுதான். அவன் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது, இப்போது வாடகைதாரர்கள் விளைகிறார்கள். மகள் ஓவியாவுக்காக அவனும் அந்த வகுப்பில் இருந்தான்.

“இன்னா பாய், பெயிலாமே? வுடு. எம் பில்டிங்லயே எனக்கு ரெண்டு செகப்புப் பொட்டு குத்திக்கிறானுங்க. நெனப்புதான வோணும்? எங்கிட்ட நாப்பத்தாறு கீது. மூணு எடுத்துக்கோ.”

பாட்சா பம்பரம், கில்லி, காத்தாடி மூன்றையும் எடுத்துக்கொண்டான். சம்பந்தம் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதும்போது கை கூசியது. ஏதோ திருட்டுச் சாமானைத் தன் பெயரில் பதிந்துகொள்வதுபோல இருந்தது.

நினைவுகளைச் சரிபார்ப்பார்கள் என்பது சம்பந்தத்துக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை ஜெயசீலி ஒரு தட்டில் பம்பரமும் சாட்டையும் கொண்டுவந்து வைத்தாள். பாட்சா கயிற்றைச் சுற்றினான். ரெக்சினில் எத்தனையோ ஆயிரம் தையல் போட்ட விரல்கள், ஒரு பம்பரத்தில் கயிறு சுற்றத் தெரியாமல் தடுமாறின. வீசினான். பம்பரம் சுற்றவில்லை, உருண்டுபோய்ச் சோயாவின் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “வாப்பாவுக்குத் தெரியல,” என்று எல்லோருக்கும் அறிவித்தாள்.

‘நினைவு போலி’ என்று எழுதி, அவனை ‘மறுபால்ய வகுப்பு’க்கு அனுப்பினார்கள்.

மறுபால்ய வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். பால்யம் போதாத ஏழு பேர், குழந்தைகளுக்கான முக்காலிகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். கழகத்தின் நிறுவனர் டாக்டர் யக்ஞநாராயணனே வந்து துவக்கிவைத்தார். வெள்ளை ஜிப்பா. கையில் எப்போதும் ஒரு சின்ன மர யானை. அதைக் குழந்தைகள் தொடக் கூடாது.

“விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டதுதான் நம் சமூகத்தின் வீழ்ச்சி,” என்று அவர் தொடங்கினார். “நினைத்துப் பாருங்கள். எத்தனை தலைமுறைக் குழந்தைகள் எந்தப் பயிற்சியும் இல்லாமல், தெருவில், தாங்களாகவே விளையாடித் தொலைத்திருக்கிறார்கள்! ஒருவர்கூட மதிப்பெண் போடவில்லை. அத்தனையும் வீண். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் குழந்தைகளை ஆராய்ந்து வருகிறேன். இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைகூட என் ஆராய்ச்சியில் குறுக்கிட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

ஏழு பேரும் கைதட்டினார்கள். அவர் யானையை ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஜெயசீலி ஒரு அட்டையைப் பார்த்து வாசித்தாள். “எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. உங்க வயசு குறையுது. முப்பது. இருபத்தஞ்சு. இருபது.”

கீழே பிரியாணிக் கடையில் வெங்காயம் வதங்கும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது.

“பதினஞ்சு. பத்து.”

வெங்காய வாசனை நின்றுவிட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது. உப்பு. ஊறிய தோல். சுண்ணாம்பு.

“எட்டு,” என்றாள் ஜெயசீலி.

பாட்சா கண்ணைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. அம்மா வேலைபார்த்த தோல் கம்பெனி, தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் சுவர். மதியம் பெரியவர்கள் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது அவன் அந்தச் சுவர்மேல் நடப்பான். பின்னாலேயே தங்கச்சி நூர் பீவி, வீட்டில் நூரு, எண்ணிக்கொண்டு வருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வரைதான் தெரியும். பன்னிரண்டு முடிந்ததும் அவள் பெயரையே ஒரு எண்ணாக்கி, ‘நூறு!’ என்று கத்திவிட்டுக் குதிப்பாள். எண்ணிக்கையில் தானும் இருப்பதாக அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

“செவுத்து மேல நடப்போம்,” என்று தன் குரல் சொல்வதைப் பாட்சா கேட்டான்.

கண்ணைத் திறந்தபோது ஜெயசீலி வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் யக்ஞநாராயணன் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து அவன் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லுங்கள். எந்தச் சுவர்?”

“தொட்டிச் செவுரு சார். ரெண்டு பக்கமும் தொட்டி இருக்கும்.”

“தொட்டியில் என்ன இருக்கும்?”

“சுண்ணாம்பு.”

“கால்சியம்!” என்றார் டாக்டர், ஜெயசீலியைத் திரும்பிப் பார்த்து. “கூட யார் விளையாடுவார்கள்?”

“தங்கச்சி. பின்னாடி எண்ணிக்கினே வரும்.”

“சமநிலை, எண்ணறிவு, சகோதரப் பிணைப்பு, கால்சியம். ஒரே விளையாட்டில்! இது நம் மண்ணின் விளையாட்டு. எந்த நூலிலும் இல்லை. உங்கள் தங்கை இப்போது எங்கே இருக்கிறார்? அவரையும் வரவழைத்துவிடலாம்.”

“இல்ல சார்.”

“வெளியூரா?”

ஜெயசீலி ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவன் எதுவும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் அவனுக்கு ஒரு தங்கை இருந்தது இரமுக்குத் தெரியாது. அவன் அம்மா சாகிறவரைக்கும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை. அவன் கடையில் ரெக்சின் மட்டும்தான், அசல் தோலைத் தொடமாட்டான். யாராவது ஏன் என்று கேட்டால், கட்டுப்படியாகாது என்பான்.

அந்த வாரத்திலிருந்து அவனுக்குச் சுண்ணாம்பு வாசனை வர ஆரம்பித்தது. கடையில், பஸ்ஸில், குளித்துத் துடைத்த துண்டில். “வூட்டுக்கு வெள்ளையடிக்கறாங்களா பக்கத்துல?” என்று இரமிடம் கேட்டான். அவள் மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்றாள். பாத்ரூம் தரையில் சின்னதாக ஒரு ஈரக் கால்தடத்தைப் பார்த்து வெகுநேரம் நின்றான். சோயாவுடையதாகத்தான் இருக்கும். சோயாவின் கால் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் சோயா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாளா என்று போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை சோயாவின் முன்னேற்ற அறிக்கை வந்தது. வண்ணம், வடிவம், வரிசை எல்லாம் நன்று. கடைசியில் ஒரு வரி: ‘எண்ணிக்கை 12 வரை சரி. பிறகு நேராக 100 என்கிறார். கவனிக்கவும்.’

பாட்சா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான்.

“சோயாம்மா, எண்ணு பாக்கலாம்.”

சோயா எண்ணினாள். பன்னிரண்டு வரை வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “நூறு!” என்று குதித்தாள்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல வாப்பா. பன்னெண்டுக்கு அப்புறம் நூறுதான வரும்?”

“பதிமூணு வரும்டி தங்கம்,” என்றாள் இரம் அடுப்படியிலிருந்து.

“இல்ல,” என்றாள் சோயா. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

பத்து நாள் கழித்துக் கழகத்தின் ஆண்டு விழா. தரைத்தளத்து வாகன நிறுத்தத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாவலூர் கிளையிலிருந்து இரண்டு பஸ்ஸில் பெற்றோர் வந்திருந்தார்கள். நடுவில் நீல நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் குளங்கள், குழந்தைகள் குளிக்கிற மாதிரி. இரண்டிலும் தளும்பத் தளும்ப வெள்ளையாக ஏதோ நிரப்பியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் ஒரு நீளப் பலகை. மேலே பேனர்: ‘தொட்டிச் சுவர் நடை: நம் பாரம்பரியம், நம் சமநிலை. உலகில் முதன்முறையாக.’

பாட்சா படித்துவிட்டு அப்படியே நின்றான்.

“மேடம், இது வேணாம் மேடம்.” ஜெயசீலியைத் தேடிப் பிடித்துவிட்டான். “இத எடுத்துருங்க.”

“பயப்படாதீங்க சார், அது வெறும் சோள மாவு. தண்ணியில கரைச்சிருக்கோம், அவ்ளோதான். ஒரு சாண் ஆழம்கூட இல்ல.”

“ஆழத்துக்காக இல்ல மேடம். எம் பொண்ணு நடக்க வேணாம்.”

“உங்க நினைவு சார் அது! உங்க பொண்ணுதான் முதல்ல நடக்கணும். டாக்டரோட ஆர்டர்.” அவள் ஒரு தாளைக் காட்டினாள். “நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ‘குழந்தையின் விழும் உரிமைக்கு ஒப்புதல்.’ சேரும்போதே வாங்கிட்டோம்.”

விழா என்பதால் அன்று கைகளைப் பின்னால் கட்டி நின்றால் போதாது என்று முடிவாகியிருந்தது. பெற்றோர் ஒவ்வொருவர் கையையும் பின்னால் சேர்த்து ரோஸ் நிற சாட்டின் ரிப்பனால் கட்டிவிட்டார்கள். புகைப்படத்தில் அழகாக வரும் என்றார்கள். சம்பந்தத்துக்குக் கட்டும்போது மட்டும் அவன், “யம்மா, எனக்குத் தோளு எறக்கம், லூசா கட்டு,” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். பாட்சாவின் பக்கத்தில் இரம் நின்றாள். அவள் கையும் கட்டப்பட்டிருந்தது.

“ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

அவன் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கியில் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“விழுவது குழந்தையின் அடிப்படை உரிமை. அதைத் தாங்கிப் பிடிப்பது பெற்றோரின் சுயநலம். பிடிக்கும் கைதான் குழந்தையை முடமாக்குகிறது என்று எங்கள் ஆய்வு சொல்கிறது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் இதை என்னால் நடுநிலையாகச் சொல்ல முடிகிறது. இதோ, சுண்ணாம்புத் தொட்டிகளின் மேல் சிரித்து விளையாடி வளர்ந்த ஒரு தகப்பனின் மகள், அந்த மரபைத் தொடர வருகிறாள்!”

சோயா பலகையின் மேல் ஏறினாள். புதுப் பாவாடை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள்.

“ஒண்ணு,” என்றாள்.

கூட்டம் ‘ஒண்ணு’ என்றது.

“ரெண்டு. மூணு.”

வாசனை இப்போது பந்தல் முழுக்க வந்துவிட்டது. நாலு. அஞ்சு. கூட்டத்தின் குரல் அடங்கி, அவன் காதில் ஒரே ஒரு சின்னக் குரல் மட்டும் கேட்டது. அது எதிரில் இருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. ஒன்பது. பத்து. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

“பதினொண்ணு. பன்னெண்டு.”

சோயா மூச்சு வாங்க நின்றாள்.

அவ்வளவுதான். பாட்சா ஓடினான். “நூரு!” என்று அவன் கத்தியது திருநீர்மலைப் படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். ஓடியவன் கைகள் கட்டியிருப்பதை மறந்துவிட்டான். குளத்தின் விளிம்பு காலில் தட்டியது. முகம் குப்புற வெள்ளைக்குள் விழுந்தான்.

சோள மாவுக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகக் கைவிட்டால் தண்ணீர்போல வழிவிடும். பதறினால் சிமெண்டாக இறுகும். பாட்சா பதறினான். எவ்வளவு வேகமாக எழுந்திருக்கப் பார்த்தானோ, அவ்வளவுக்கு அது அவனைப் பிடித்துக்கொண்டது. வாயிலும் மூக்கிலும் மாவு. ஒரு சாண்கூட ஆழம் இல்லாத ஒரு குழந்தைக் குளத்தில், அறுபது பெற்றோர் சுற்றி நிற்க, முப்பத்தெட்டு வயது மனிதன் மூழ்கிக்கொண்டிருந்தான்.

யாரும் அசையவில்லை. குறுக்கீடு ஆகிவிடும் என்பது ஒருபக்கம். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று மறுபக்கம் பலர் நினைத்துவிட்டார்கள். நாவலூர்க்காரர்கள் கைதட்ட வழியில்லாமல் காலால் தரையைத் தட்டினார்கள்.

“அவரைத் தூக்குங்க! யாராவது தூக்குங்களேன்!” என்று இரம் அலறினாள். அவள் தன் கையை உருவப் பார்த்தாள். மணிக்கட்டில் ரிப்பன் இன்னும் இறுகியது.

சம்பந்தம்தான் ரிப்பனை உதறிவிட்டுக் குளத்தில் குதித்தான். “இன்னாயா வேடிக்க பாத்துகினு கீறீங்க! ஆளு போய்டுவான்யா!” பாட்சாவைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, புரட்டிப்போட்டு, முகத்தை வழித்தான். பாட்சா இருமினான். கண்ணைத் திறந்ததும் முதலில் பலகையைப் பார்த்தான். சோயா விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூரு,” என்றான் மறுபடியும், குரல் வராமல்.

டாக்டர் யக்ஞநாராயணன் மைக்கைக் கையில் எடுத்தார். “கேட்டீர்களா? நூறு என்கிறார். தன் மதிப்பெண்ணைத் தானே கேட்கும் துணிவு! பம்பரம் விடத் தெரியாமல் வந்த ஒருவர், இன்று உடல், மனம், குரல் மூன்றையும் விளையாட்டில் கரைத்துவிட்டார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கு நூறு!”

சான்றிதழை அங்கேயே எழுதினார்கள். மாவு சொட்டச் சொட்ட நின்ற பாட்சாவின் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்லி. அவன் கைகள் இன்னும் பின்னால் கட்டியேதான் இருந்தன.

“அந்தத் தொட்டி இந்த மாதிரி இல்ல சார்,” என்றான். “ஆளு ஒசரம் இருக்கும். நான் முன்னாடி நடப்பேன், தங்கச்சி பின்னாடி எண்ணிக்கினே வரும். திரும்பிப் பாத்தா ஆட்டம் போச்சு. அதனால நான் பாக்கமாட்டேன். சத்தம் கேட்டா வருதுன்னு அர்த்தம். அன்னிக்கு பன்னெண்டு கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. மெதுவா வருதுன்னு நெனச்சு அந்தக் கோடி வரைக்கும் போயிட்டேன். நூர் பீவின்னு பேரு. அஞ்சு வயசு. எனக்கு எட்டு. அது வரலன்னுதான் சொல்லிச்சு. நான்தான் வா வான்னு கூட்டிகினு போனேன்.”

கீழே கொட்டிய மாவு சாக்கடைப் பக்கமாக மெல்ல ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். மர யானையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “நன்றி. மிக ஆழமான பகிர்வு. ஒரே ஒரு விளக்கம் மட்டும். ஆள் உயரம் என்றால் தோராயமாக எத்தனை அடி? பாடத்திட்டத்தில் அளவு சரியாக வர வேண்டும் பாருங்கள். ஜெயசீலி, எழுதிக்கொள்ளம்மா.”

ஜெயசீலி பேனாவை மூடினாள். நோட்டை நாற்காலியில் வைத்தாள். பாட்சாவின் பின்னால் வந்து ரிப்பன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மாவு ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். “மன்னிச்சுடுங்க சார். நான் வெளியூர்னு எழுதிட்டேன்,” என்று அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தே சொன்னாள். அவள் அழுகிறாளா பகிர்கிறாளா என்று பார்க்க அவன் திரும்பவில்லை.

“அடுத்த பருவத்தில் ‘இழப்பு’ என்று ஒரு புதிய பாடம் சேர்க்கிறோம்,” என்று டாக்டர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். “மூன்று வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.”

தரையைத் தட்டும் சத்தம் மெல்ல எழுந்து, பலமாகி, கொஞ்சநேரம் நிற்கவே இல்லை.

சான்றிதழை இரம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். சோயாவின் சீட்டுக்கு அது வேண்டும். அதை அங்கே கிழித்துப்போட்டுவிட்டு வர அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆசைக்கெல்லாம் அந்தப் பள்ளியில் சீட் தரமாட்டார்கள். (தந்தார்கள். நூறு வாங்கிய தகப்பனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லையாம்.)

வீட்டுக்கு வந்ததும் இரம் அவனை வாசல் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். மாவு முடியோடு முடியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

“ஏழு வருஷம்,” என்றாள் கடைசியில். “ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா நீ என்ன நெனப்பியோன்னு.”

“என்ன நெனச்சிருப்பேன்? எட்டு வயசுப் பையன்னு நெனச்சிருப்பேன்.” இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள். “மய்யத்த எங்க அடக்கம் பண்ணாங்க?”

“பல்லாவரத்துல. எந்த எடம்னு தெரியாது. என்னைக் கூட்டிகினு போகல.”

சோயா படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வாப்பா, நூரு யாரு?”

பாட்சா இரமைப் பார்த்தான். இரம், சொல்லுங்க என்பதுபோல் தலையசைத்தாள்.

“உன் அத்தைம்மா. வாப்பாவோட தங்கச்சி.”

“அத்தைன்னா பெருசா இருப்பாங்களே. ஓவியாவோட அத்தை இவ்ளோ பெருசு.”

“இது சின்ன அத்தை. அஞ்சு வயசு.”

சோயாவின் கண் விரிந்தது. அஞ்சு வயதில் ஒரு அத்தை தனக்கு இருப்பதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தார்களே என்பதுபோல இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அடுத்த பர்த்டேக்கும் அஞ்சுதானா?”

“அஞ்சுதான்.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

சோயா விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். “எனக்கு இப்ப நாலு வரப் போகுது. அப்புறம் அஞ்சு. அப்புறம் ஆறு. அப்ப நான்தான வாப்பா பெரிய பொண்ணு?”

பாட்சாவுக்குத் தொண்டையில் இன்னும் மாவு இருந்தது. “ஆமாம்மா,” என்றான்.

இரமின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது.

“சரி,” என்றாள் சோயா, பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து. “அப்ப நான் அவளப் பாத்துக்கறேன்.”